பறிக்கப் பறிக்க

அந்த வருஷம் கோடை நாட்காட்டியில் மட்டும் வந்தது. தெருப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் ஈரக் காற்று, மதியம் சாம்பல் வானம், சாயங்காலமானால் தூறலா பனியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. வீட்டுக்கு வீடு மின்விசிறிகள் தூசி படிந்து சும்மா நின்றன. முக்கு ஐஸ்கிரீம் கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் பங்காளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். மற்றவர்களுக்கு இது பேச்சுக்கு ஒரு விஷயம். அண்ணிக்கு மட்டும் தண்டனையாகிப் போனது.

அவளை அண்ணி என்று கூப்பிட வீட்டில் ஒருத்திதான் இருந்தாள், கணவனின் தங்கை. ஆனால் அந்த ஒருத்தி கூப்பிட்டுக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர், பால் போடுகிறவர், கடைசியில் கட்டின புருஷன்கூட "அண்ணி இருக்காங்களா?" என்று ஃபோனில் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேறு பெயர். பத்தொன்பது வருஷமாகப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. காலை ஏழு மணிக்கு முதல் கை நீளும்; மூன்று மணிக்குள் எண்பது தொண்ணூறு கைகள். குத்தினதே தெரியாமல் எடுத்துவிடுவாள் என்பதால் அங்கே எல்லோரும் 'கொசு' என்பார்கள். கேட்கும்போது முறைப்பாளே தவிர, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தத் தண்டனை வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டம்; அது வந்த கதை இது. குளிர்காலத்தின் நடுவில் ஒரு நாள் நாத்தனார் இரண்டு பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தினவன் இன்னொருத்தியோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. சட்டைகளைக்கூட அவளே மடித்துக் கொடுத்திருக்கிறாள். அவள் அண்ணன் லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் எட்டு நாள் வீட்டில் தங்கினால் அதிகம், அதுவும் தூங்கியே கழிந்துவிடும். தங்கையை உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தவன், மூன்றாம் நாள் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். போகும்போது மனைவியிடம், "பாத்துக்கோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. நாத்தனார் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள். யார் முகத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணி காலையில் போகும்போது நாத்தனார் கையில் பிடித்திருந்த டீ, மாலையில் திரும்பும்போது ஆடை படிந்து அதே கையில் இருக்கும். இப்படியே இரண்டு மாதம் போனது. ஆறுதல் சொல்வது அண்ணிக்கு வராது. வேலை கொடுத்துத்தான் பழக்கம்.

பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிற பெரியவர் ஒரு தட்டு நிறைய நாற்றும், பொட்டலம் பொட்டலமாக விதையும் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து அண்ணி ஒரு பொய் சொன்னாள்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு, ஒரு காய்கறித் தோட்டம் போடணும்னு. ஒண்டியா முடியல. நீ கூட வந்தா நல்லாயிருக்கும்."

உண்மையில், வாழ்நாளில் ஒரு பூந்தொட்டிக்குக்கூட அவள் தண்ணீர் ஊற்றியதில்லை. நகத்துக்குள் மண் போனால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

நாத்தனார் தட்டைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். "சரிங்க அண்ணி," என்றாள். எழுந்தும் விட்டாள். அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

இரண்டு பேரும் கொத்தினார்கள், விதைத்தார்கள், கயிறு கட்டினார்கள். பீன்ஸ், பட்டாணி, பாலக்கீரை, முள்ளங்கி, ஒரு வரிசை தக்காளி, ஒரு வரிசை வெண்டை. பட்டாணியும் கீரையும் வெயில் ஏறினால் தாமாகப் படுத்துவிடும், பீன்ஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பிறகு தக்காளி பழுக்கும், அத்தோடு முடிந்தது என்று பெரியவர் சொல்லியிருந்தார். ஆறேழு வாரம் பல்லைக் கடித்தால் போதும் என்று அண்ணி மனத்துக்குள் நாள் எண்ணிக்கொண்டாள். அதற்குள் நாத்தனாரும் தெளிந்துவிடுவாள்.

வெயில் வரவில்லை. பட்டாணி படுக்கவில்லை. கீரை பூக்கவேண்டிய நாளில் பூக்காமல், வெட்ட வெட்டத் தழைத்தது. பீன்ஸோ கொடி கூரைக் குழாய் வரைக்கும் ஏறி, இன்று பறித்த இடத்தில் மறுநாள் மறுபடி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. தக்காளி மட்டும் கல்லுக்குண்டு மாதிரிப் பச்சையாகவே நின்றது. வெண்டைச் செடிகள் முழங்கால் உயரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தன. வேண்டியது வரவில்லை, வேண்டாதது நிற்கவில்லை.

தினமும் மூன்றரை மணிக்கு அண்ணி பேருந்திலிருந்து இறங்குவாள். எட்டு மணி நேரம் நின்ற கால். செருப்பைக் கழற்றும்போதே பின்வாசலில் இரண்டு வாளிகள் தயாராக இருக்கும். நாத்தனார் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"இன்னைக்கு நல்ல காய்ப்பு அண்ணி!"

"அப்படியா? கொடுத்துவைக்கணும்," என்பாள் அண்ணி, வாயெல்லாம் பல்லாக.

ஒரு காய், ஒரு திருகு, ஒரு கிள்ளு. இலைகளின் ஈரம் முழங்கை வரை ஏறும். குனிந்தால் இடுப்பு, நிமிர்ந்தால் கழுத்து. பீன்ஸ் கொடிக்கு இந்தப்பக்கம் அண்ணி, அந்தப்பக்கம் நாத்தனார். இலைகளுக்கு நடுவில் இரண்டு ஜோடிக் கைகள் மட்டும் தெரியும். பேச்சு அதிகம் இருக்காது. எப்போதாவது நாத்தனார், "இங்க ஒரு கொத்து விட்டுட்டீங்க அண்ணி," என்பாள். அண்ணி அந்தக் கொத்தைப் பார்க்காமல் இல்லை. பார்த்துத்தான் விட்டிருப்பாள்.

பறித்தால் மட்டும் போதுமா? கழுவ வேண்டும், நார் உரிக்க வேண்டும், உரித்ததை வைக்க இடம் வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் பால் வைக்க இடமில்லை. குளியலறை வாளியில் கீரை மிதந்தது. இரண்டு பெண்கள் எவ்வளவுதான் தின்ன முடியும்? வதக்கினார்கள், வேகவைத்தார்கள், சூப் வைத்தார்கள், மறுநாள் சூப்பில் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அண்ணி பை பையாகக் கொண்டுபோனாள். முதல் வாரம், "அட, வீட்டுக் காயா!" என்று ஓடி வந்தவர்கள், மூன்றாம் வாரம் அவள் கையில் பையைப் பார்த்தால் கழிவறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். தனி ஆள், நல்ல மனுஷர், ஆனால் அவருக்கும் ஒரு வயிறுதானே. ஒரு நாள் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார்.

"சொல்லுங்க."

"முப்பத்தாறு வருஷம் வீடு வீடாப் போய்க் குடுத்தவன் நான். வேண்டாத தபால வாங்கறவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப என் மூஞ்சி அப்படித்தான் இருக்கு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

"பறிக்கறத நிறுத்துங்க, தானா நின்னுடும்," என்றார் அவர். "காய் முத்திட்டா செடி அடங்கிடும். பறிக்கப் பறிக்கத்தான் அது காய்க்குது."

"நிறுத்தலாம்தான்," என்றாள் அண்ணி. கொடிக்கு அந்தப்பக்கம் அசைந்துகொண்டிருந்த கைகளைக் காட்டி, குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு இதுதான் பிடிப்பே. அதைப் போய் எப்படிப் பிடுங்கறது?"

"வேணும்னா அடுத்த தெருவுல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிப் பாருங்க," என்று சொல்லிவிட்டுத் தபால்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வலது கட்டைவிரல் முதலில் காலையில் மட்டும் வலித்தது. பிறகு டம்ளரைப் பிடித்தால் வலித்தது. அண்ணி வெந்நீரில் முக்கினாள், தைலம் தேய்த்தாள், வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. கையைக் காட்டினால் நாத்தனார் அண்ணியின் பங்கையும் சேர்த்துத் தானே பறிப்பாள். அல்லது 'என்னால் இவங்களுக்கு இப்படி ஆச்சே' என்று மறுபடி நாற்காலியில் போய் உட்காருவாள். இரண்டும் வேண்டாம்.

ஒரு புதன்கிழமை ஒரு வயசான அம்மாள் வந்து கையை நீட்டினாள். தோல் காகிதம் போல, நரம்பு நூல் போல. இப்படிப்பட்ட கைகள்தான் கொசுவிடம் அனுப்பப்படும். ரப்பர் பட்டையைக் கட்டினாள், தடவிப் பார்த்தாள், குத்தினாள். ஊசி நுழைகிற நேரத்தில் கட்டைவிரல் சுரீர் என்று இழுத்தது. ரத்தம் வரவில்லை. மறுபடி குத்தினாள். வரவில்லை. மூன்றாவது தடவை அந்த அம்மாளின் முழங்கை மடிப்பில் நீலமாக ஒரு வீக்கம் எழும்பியது.

"பரவாயில்லம்மா," என்றாள் அந்த அம்மாள், அண்ணியின் முகத்தைப் பார்த்து. "வேணும்னா அந்தக் கையில பாரு. நீ ஏன் அழற?"

அழுகிறோம் என்பதே அண்ணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

கூடத்துத் தலைவர் அவளைக் கூட்டிக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனார். டாக்டர் விரலை மடக்கி, மணிக்கட்டைச் சாய்த்துப் பார்த்தார். அண்ணி நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டாள்.

"தசைநார் வீங்கியிருக்கு. ஊசி போடற வேலையில இவ்வளவு வராதே. வீட்டுல என்ன செய்யறீங்க?"

"பீன்ஸ் பறிக்கிறேன், டாக்டர்."

"எவ்வளவு?"

அண்ணி யோசித்தாள். "இருக்கறதெல்லாம்," என்றாள்.

கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை ஒரு பட்டைக் கட்டுப் போட்டு, மூன்று வாரம் ஊசியைத் தொடக் கூடாது, டியூபுக்குச் சீட்டு ஒட்டுகிற மேஜையில் உட்காருங்கள் என்று சொல்லி, அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் பதினோரு மணிப் பேருந்தில் ஏறினாள். பேருந்து காலியாக இருந்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்தவள் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கி, நடந்தே திரும்பி வந்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலில்லை. பின்கதவு திறந்திருந்தது.

தோட்டத்தின் கோடியில், மதிலோரம், நாத்தனார் மண்டியிட்டு ஒரு குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நேற்றுப் பறித்த இரண்டு வாளிகள். ஒரு வாளியை எடுத்துக் குழிக்குள் கவிழ்த்தாள். பச்சைப் பசேலென்று பீன்ஸ் சரிந்து விழுந்தது. அவள் அதன்மேல் மண்ணைத் தள்ளி, கையால் தட்டி, அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தால் கொலை செய்துவிட்டுப் பிணத்தைப் புதைக்கிறவள் மாதிரி இருந்தது. மதிலை ஒட்டி அதே அளவில் இன்னும் ஏழெட்டு மேடுகள் வரிசையாக இருந்ததை அண்ணி அப்போதுதான் கவனித்தாள்.

"என்ன பண்றே?"

நாத்தனார் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். அப்புறம் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, கையில என்ன அண்ணி?" என்று ஓடி வந்தாள்.

"கைய விடு. அது என்ன குழி?"

"அது... நீங்க தபால்காரர் அக்கா வீட்டுக்குக் குடுக்கச் சொன்னீங்கல்ல..."

"அவங்க அக்கா வீட்டுல எல்லாரும் ரொம்ப விரும்பிச் சாப்பிடறாங்கன்னு சொன்னே."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு தடவைதான் வாங்கினாங்க. அப்புறம் கதவே திறக்கல. நீங்க வேலைக்குப் போய்க் களைச்சு வந்தும் அவ்வளவு ஆசையாப் பறிக்கறீங்க. அதைக் கொண்டுபோய்க் குப்பையில போட மனசு வரல. அதான் மண்ணுக்கே குடுத்துடலாம்னு."

"யாரு? நானா? ஆசையாவா?"

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க, ரொம்ப நாள் ஆசைன்னு."

அண்ணி கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எனக்கு மண்ணுன்னாலே ஆகாதுடி. நீ அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கணுமேன்னு சொன்ன பொய் அது."

நாத்தனார் அப்படியே நின்றாள். மண் ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்திருந்தாள்.

"எனக்கு மட்டும் பிடிக்குமா? புழுவப் பார்த்தாலே உடம்பு கூசும். ராத்திரி கண்ண மூடினா பீன்ஸ்தான் தொங்குது. உங்க சோத்தத் தின்னுட்டுச் சும்மா உக்காந்திருக்கோமே, இதுக்காவது ஒத்தாசையா இருப்போம்னுதான்..." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க வர்ற நேரம் பார்த்து, சந்தோஷமா மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்."

"நல்லாத்தான் வச்சே. நானும் வச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டும். அண்ணிக்கு வந்தது கோபம்தான். யார்மேல் என்றுகூடத் தெரியாத ஒரு கோபம். பத்து வாரம். ஒவ்வொரு சாயங்காலமும். அந்தக் கிழவியின் கையில் எழும்பிய நீல வீக்கம் கண்முன் வந்தது.

"வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீங்க சொன்னீங்களா?"

அண்ணி வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நாத்தனார் மெல்ல எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையைத் தொடாமல் பார்த்தாள். "இன்னொண்ணும் இருக்கு அண்ணி. திட்டக் கூடாது."

"சொல்லு."

"கண்ணாடிக் கடையில மறுபடி கூப்பிட்டாங்க. ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப வர முடியாதுன்னுட்டேன்."

"ஏன்?"

"நீங்க ஒண்டியா எப்படிப் பறிப்பீங்கன்னு."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். திட்டுவதற்குக்கூடப் பலம் வேண்டியிருக்கிறது. "போய் ஃபோன் பண்ணு," என்றாள். "கையக் கழுவிட்டுப் பண்ணு."

நாத்தனார் உள்ளே போனாள். அண்ணி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது: சரிங்க, பரவாயில்லைங்க, இல்லைங்க சார் நான்தான் சொன்னேன். அந்தக் குரலில் பழைய கடைக்காரப் பெண் கொஞ்சம் இருந்தாள்.

திரும்பி வந்து சொன்னாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. ஆனால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கிளை ஒன்று திறந்திருக்கிறார்கள். அங்கே அரை நாள் வேலை இருக்கிறது. இரண்டு பேருந்து மாற வேண்டும்.

"போறியா?"

"போறேன்னு சொல்லிட்டேன்," என்றாள் நாத்தனார். அண்ணியைக் கேட்காமல் அவள் தனக்காக எடுத்த முதல் முடிவு அது. சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் யாரும் பறிக்கவில்லை. மறுநாளும் இல்லை. முதல் இரண்டு நாள் மூன்றரை மணியானால் அண்ணிக்குக் கை பரபரத்தது. பின்கதவைச் சாத்தி வைத்தாள். பீன்ஸ் முத்தியது. தோல் வெளுத்து, உள்ளே விதை புடைத்து, கொடியிலேயே கனமாகத் தொங்கியது. புதுப் பூ வருவது குறைந்தது. முள்ளங்கி வெடித்தது. கீரையும் கடைசியில் மனமிரங்கி ஒரு பூத்தண்டு விட்டது.

விரல் அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. மூன்று வாரம் ஐந்து வாரமானது. மேஜையில் உட்கார்ந்து சீட்டு ஒட்டினாள். கூடத்தில் எல்லோரும் 'ஓய்வுபெற்ற கொசு' என்றார்கள். அந்த அம்மாள் மறுபடி ரத்தம் கொடுக்க வந்தபோது அண்ணி எழுந்து போய் மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மாளுக்கோ ஞாபகமே இல்லை. எத்தனையோ ஊசிகளில் அதுவும் ஒன்றாகப் போயிருந்தது.

நாத்தனார் புதுக் கிளைக்குப் போக ஆரம்பித்தாள். சில நாள் சிரித்த முகமாக வந்தாள். சில நாள் வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்படிச் சாத்திக்கொண்ட நாட்களில் அண்ணி கதவைத் தட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை. "டீ வச்சிருக்கேன், வேணும்னா எடுத்துக்கோ," என்று மட்டும் வெளியிலிருந்து சொல்லிவிட்டுப் போனாள். ஒரு நாள் உள்ளேயிருந்து, "இன்னைக்கு வேணாம் அண்ணி, பேசாம இருந்தாப் போதும்," என்று பதில் வந்தது. நல்லது என்று அண்ணி தன் காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரிக்காரன் வந்து சேர்ந்தான். நேராகப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"என்ன இது? இப்படியா விடுவீங்க? எல்லாம் முத்திப் போய்க் கிடக்கு!"

"பறிங்களேன்," என்றாள் மனைவி.

"பறிண்ணா," என்றாள் தங்கை.

இரண்டு பேரும் சமையலறையை விட்டு நகரவில்லை. அவன் வாளியை எடுத்துக்கொண்டு வீராவேசமாகப் போனான். கொடி அசைவது தெரிந்தது. அரைமணி நேரத்தில் அசைவு நின்றது. கால் வாளிக் காயோடு, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தினமுமா பறிச்சீங்க?"

"தினமும்தான்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். எட்டு நாள் வண்டி ஓட்டிய களைப்பு அவன் தோளில் அப்போதுதான் இறங்கியது போலிருந்தது. நாத்தனார் ரொட்டியை வெட்டி வைத்தாள். அண்ணி இடது கையால் டீ ஊற்றினாள். கொஞ்சம் மேஜையில் சிந்தியது, யாரும் துடைக்கவில்லை.

மதியம் சாப்பிட்டதும் அவன் தரையிலேயே சாய்ந்தான். நாத்தனார் அறைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே சோபாவின் ஒரு முனையில் சுருண்டாள். வெளியே தூறல் பிடித்தது. துணி காயப்போட்டிருந்தது அண்ணிக்கு நினைவுக்கு வந்தது. எழுந்து போய் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். நனைந்தால் நனையட்டும் என்று சோபாவின் மறுமுனையில் காலை மடக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். நான்கு மணிக்குப் பால் போடுகிறவர் வந்து இரண்டு தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டு, பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.